எண்ணெய் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16ஆம் திகதி, திங்கட்கிழமை. தென்மேற்குப் பருவக்காற்றின் மழை கண்டி மாவட்டம் எங்கும் விடியற்காலை தொடக்கம் இடைவிடாது பெய்துகொண்டிருந்தது. காற்று குளிர்ந்திருந்தது. மலைகளின் மேற்பாதி முகிலுக்குள் மறைந்திருந்தது.

அத்தகைய காலைப்பொழுதில், கம்பளையிலிருந்து கண்டி நோக்கிப் புறப்பட்ட பஸ் ஒன்று கெலிஓயாக் கடைத்தெருவின் நடுவே பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. இறங்கிய பயணிகளுள் ஒருத்தி சுதர்சினி. அகவை இருபத்தொன்பது, தொழில் மிருக வைத்தியம். கம்பளைக்கு மேலேயுள்ள தோட்டங்களின் மாடுகள் அனைத்தும் அவளுடைய குரலை அறியும். மழைத்துளிகள் தங்கிய அவளது நீண்ட இமைகளை அம்மாடுகள் கவனித்திருக்குமோ என்னவோ... அதுவரை வேறெவரும் கவனித்ததாக அவளுக்குத் தெரியாது.

ஓட்டோ ஒன்று வந்தது. கை காட்டினாள்; நின்றது. அவள் குடையை மடக்கிய அந்த ஒரு கணத்துக்குள்... வேறொருவன் ஏறி அமர்ந்துவிட்டான்.

"ஏங்க, நான்தாங்க கை காட்டினேன்."

"ஓம், பாத்தனான். ஆனா உங்களுக்கு முதலே நான் அங்கால நிண்டு கை காட்டினனான்."

"அப்ப பாத்துக்கிட்டேதான் ஏறியிருக்கீங்க."

"உங்களிட்ட குடை இருக்கு. என்னட்ட இல்லை."

"குடை கொண்டு வராதது ஒங்க தப்புங்க."

"ஓம். அதுக்குத்தான் நனைஞ்சு தண்டனை அனுபவிச்சுக்கொண்டு இருக்கிறன்."

ஓட்டோச் சாரதி கண்ணாடியில் இருவரையும் பார்த்தார். "கண்டிக்குத்தானே ரெண்டு பேரும்? ஏறுங்க மிஸ். உள்ள வந்து சண்ட புடிக்கலாம், நனையாம."

அவள் ஏறினாள். இருக்கையின் ஓரத்தில், தன் பையை எல்லைக்கல்லாக நடுவில் வைத்து அமர்ந்தாள். யாழ்ப்பாணத்துப் பேச்சு. ஈரம் சொட்டும் தலைமுடி. மூக்கின் நுனியில் ஒரு துளி... விழவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல். அதை எதற்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தன்னையே கடிந்துகொண்டு, பேராதனைப் பாலத்தின் கீழே கலங்கி ஓடும் மகாவலியின்பால் முகத்தைத் திருப்பினாள்.

அவன் தன் கைத்தொலைபேசியை எடுத்து அதனிடம் பேசத் தொடங்கினான்.

"என்ர பசுவுக்கு வயிறு ஊதியிருக்கு. என்ன செய்யிறது?"

தொலைபேசி இனிமையான பெண்குரலில் விடையளித்தது: "கவலைப்படாதீர்கள். அரைப் போத்தல் தேங்காய் எண்ணெயை உடனடியாகப் பசுவின் வாயில் ஊற்றுங்கள்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "விசர்க் கதை."

சுதர்சினியால் பொறுக்க இயலவில்லை. "அதுல என்னங்க விசரு? சரியாத்தான சொல்லுது."

"எண்ணெயோ? மாடு செத்துப்போம்."

"எண்ணெய் குடுக்கலன்னாதான் சாகும்."

"நீங்கள் மாடு வளக்கிறனீங்களோ?"

"வளக்குறவங்க எனக்குத்தான் போன் பண்ணுவாங்க."

அவன் புருவங்கள் மெல்ல உயர்ந்தன. கண்டி வாவியின் எதிரே, மூன்றாம் மாடியில் விளக்கெரியும் ஒரு கட்டடத்தின் வாசலில், "இங்கதான் நிப்பாட்டுங்கோ" என்று அவனும், "இங்கயே நிறுத்துங்க" என்று அவளும் ஒரே வேளையில் கூறினர்.

மூக்கின் நுனியிலிருந்த துளி அப்போதுதான் விழுந்தது.

*

அம்மூன்றாம் மாடியில் நடைபெற்ற பணி யாதெனில், 'பசுமைத்துணை' என்னும் செயற்கை நுண்ணறிவு உதவியாளரின் விடைகளைத் திருத்துவதாகும். கால்நடை வளர்ப்போர் தமது தொலைபேசியில் தமிழில் வினவினால் அது தமிழில் விடையளிக்கும். விடைகள் தேன்போல் இனித்தன. அவற்றுட் சில நஞ்சுபோல் தவறாயிருந்தன. ஆகவே இரண்டு வாரங்களுக்கு வைத்தியர்கள் வரவழைக்கப்பட்டிருந்தனர்.

இணைப்பாளர் நஸீம் கண்டியைச் சேர்ந்தவர். சிரிப்பும் அவசரமும் ஒருங்கே கொண்டவர். அவர் விதிகளை விளக்கினார்.

"பெரிய வேல ஒண்டுமில்ல டொக்டர்மாரே. பிழையான வசனத்துக்குக் கோடு போடுங்க. சரியானத எழுதுங்க. ஏன் பிழை எண்டு ஒரு வரி போடுங்க, அந்த வரிலதான் இது படிக்கிற. ஒரு விடைக்கு ரெண்டு டொக்டர். ரெண்டு பேரும் 'ஏற்றுக்கொள்கிறேன்' எண்ட பொத்தான அமத்தணும். ஒராள் அமத்தி மத்தாள் அமத்தாட்டி, அந்த விடை வெளிய போகாது. 'அருகிலுள்ள வைத்தியரை நாடுங்கள்' எண்டு மட்டும் சொல்லும்."

பின்பு அவர் பட்டியலைப் பார்த்தார். "டொக்டர் சுதர்சினி, கம்பளை. டொக்டர் தனேஸ், சாவகச்சேரி. நீங்க ரெண்டு பேரும் மாடு. இந்த மேச."

தனேஸ் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தான். "அப்ப ஓட்டோச் சண்டையை இஞ்ச தொடரலாம்."

"தொடரலாங்க. ஆனா இங்க ஏன்னு ஒரு வரி எழுதணும்."

ஆரம்பத்தில் சண்டைக்கு இடமே கிடைக்கவில்லை எனலாம். எருமைக்குக் காய்ச்சல் உண்டா என்று நெற்றியில் கைவைத்துப் பார்க்குமாறு பசுமைத்துணை அறிவுறுத்தியிருந்தது. ஈன்ற பசு தீனி உண்ணாவிடின் அதனோடு மனம்விட்டுப் பேசுமாறு கூறியிருந்தது. இருவரும் சிரித்துச் சிரித்துக் கோடிட்டனர். அவள் தட்டச்சுச் செய்யும்போது அவன் திரையைப் பார்க்கவில்லை. அவளுடைய கண்கள் சிரிப்பில் சுருங்குவதைப் பார்த்தான். அவள் நிமிரும்போது அவசரமாகத் திரைக்குத் திரும்பினான்... ஏதோ மிக முக்கியமான எருமை அங்கே நிற்பதுபோல.

அதன் பின்னரே வயிறூதிய பசு வந்து சேர்ந்தது.

தனேஸ் எண்ணெய் வசனம் முழுவதற்கும் கோடிட்டான். ஏன் என்ற வரியில் எழுதினான்: 'தொண்டையில் பொருள் சிக்கியிருந்தால் எண்ணெய் நுரையீரலுக்குள் செல்லும்.'

சுதர்சினி அக்கோட்டை அழித்தாள். 'மழைக்கால இளம்புல்லால் வயிற்றில் நுரை நிரம்பும். எண்ணெய் அந்நுரையை உடைக்கும். வைத்தியர் வரும்வரை காத்திருந்தால் பசு இறக்கும்.'

"தொண்டையில என்னங்க சிக்கப் போவுது?"

"பனம்பழம். எங்கட பக்கம் பனங்காலத்தில வந்து பாருங்கோ. விழுந்த பழத்தை மாடு சூப்பிப் போட்டு விழுங்கும். அது கழுத்தில இறுகினா வயிறு பலூன் மாதிரி. அதுக்கு எண்ணெய் பருக்கின மாடு என்ர கண்ணுக்கு முன்னால மூச்சு முட்டிச் செத்தது."

"எங்க தோட்டத்துல பனை இல்லீங்க. புல்லுதான் இருக்கு. மழை, ஈரப் புல்லு, வயித்துல நுரை. நான் மேல போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆவும். ரோடு வழுக்கும். போன்லயே எண்ணெய் குடுக்கச் சொல்லித்தான் எத்தனையோ மாட்டக் காப்பாத்தியிருக்கேன். ஒரு வாட்டி சிக்னல் கெடைக்கல... போய்ச் சேந்தப்ப அந்த வீட்டுப் பிள்ளைங்க செத்த மாட்டுக்குப் பக்கத்துல ஒக்காந்திருந்துச்சுங்க."

அவன் குரல் தணிந்தது. "விளங்குது. ஆனா எண்ணெய் பருக்கச் சொல்ல ஏலாது."

"எண்ணெய எடுக்க முடியாது."

ஆக, இருவரும் உண்மையையே உரைத்தனர். இருவரும் தத்தம் மாட்டையே கண்டனர். வயிறூதிய ஒவ்வொரு பசுவையும் அவன் பனையின் கீழேயே நிறுத்தினான். அவளோ ஈரப்புல்லின் மேலேயே நிறுத்தினாள். பொத்தான் அமர்த்தப்படாமலே இருந்தது. அவ்விடை பூட்டப்பட்டே கிடந்தது.

அதன் பின் வந்த நாள்களில் அவர்கள் அவ்விடையை ஒவ்வொரு காலையும் திறந்தனர். ஒவ்வொரு மாலையும் கோபத்துடன் மூடினர். ஆயினும் இடையே வேறு சிலவும் நிகழ்ந்தன. அவள் கொண்டுவந்த ரொட்டியையும் கட்டசம்பலையும் அவன் ஒரு நாள் கேளாமலேயே பிட்டு உண்டான். உறைப்பில் கண்ணீர் வழிய, "நல்லாயிருக்கு" என்றான். மறுநாள் அவன் பிளேன்டீக்குக் கடித்துக்கொள்ளப் பனங்கட்டி கொண்டுவந்தான்.

"இதுலயும் பனையா?"

"எங்களுக்கு எல்லாத்திலயும் பனைதான். வாயைத் திறவுங்கோ... இல்லை, கையை நீட்டுங்கோ எண்டு சொல்ல வந்தனான்."

அவள் கையை நீட்டினாள். கன்னங்கள் ஏன் சூடாயின? கட்டசம்பல் நேற்றே முடிந்துவிட்டதே...

*

26ஆம் திகதி வியாழக்கிழமை நண்பகலுக்குப் பின் மழை மிகுந்தது. ஜன்னலுக்கு அப்பால் வாவி புள்ளிபுள்ளியாகக் கொதித்தது. மறுநாளுடன் பணி முடிவுறும். மறுநாள் மாலையே தனேஸ் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறவிருந்தான். அதை அவன் காலையில் சாதாரணமாகக் கூறியிருந்தான். அவளும், "அப்பிடிங்களா" என்று சாதாரணமாகவே கேட்டுக்கொண்டாள். அதன் பிறகு ஒரே விடையை நான்கு தடவை வாசித்தும் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அவளுடைய தொலைபேசி ஒலித்தது. கம்பளைக்கு மேலேயுள்ள தோட்டத்து வீரம்மா. கறவைப் பசு ஒன்றே அவ்வீட்டின் ஆதாரம்.

"டொக்டரம்மா, செவலைக்கு வயிறு ஊதிப்போச்சும்மா. எடது பக்கம் மத்தளமாட்டம் இருக்கு. எண்ணெய் போத்தல கையில வச்சிருக்கேன். ஊத்திரவா?"

சுதர்சினி வாயைத் திறந்தாள். 'ஊத்துங்க' என்னும் சொல் நாவின் நுனிக்கு வந்துவிட்டது.

தனேஸ் கதிரையிலிருந்து எழுந்தேவிட்டான். "கேளுங்கோ. ஒண்டே ஒண்டு. வாயால எச்சில் வடியுதோ எண்டு கேளுங்கோ."

இங்கேயும் பனையா என்று அவளுக்கு எரிச்சல் மூண்டது. ஆனால் அவன் கண்களில் விவாதம் இல்லை. வெறும் கெஞ்சல் இருந்தது. அவள் கேட்டாள்.

"அக்கா... எச்சி வடியுதா?"

"நூல் நூலா ஊத்துதும்மா. கழுத்த நீட்டி நீட்டி இருமுது. தண்ணி வச்சேன், முழுங்க மாட்டேங்குது."

சுதர்சினி தனேஸை நிமிர்ந்து பார்த்தாள்.

"எண்ணெய் வேணாம் அக்கா." அவளுடைய குரல் அவளுக்கே அந்நியமாயிருந்தது. "ஒன்னுமே குடுக்காதீங்க. முன்னங்கால் மேட்டுல இருக்கற மாதிரி நிக்க வைங்க. படுக்க விட்றாதீங்க. நாங்க வந்துட்டே இருக்கோம்."

நாங்கள் என்று அவள் கூறியதை அவன் கவனித்தான்.

நஸீம் தம் காரின் சாவியை அவளிடம் எறிந்தார். "போங்க, போங்க. கார நான் மறுகா தேடிக்கிறேன். மாட்ட காப்பாத்துங்க."

பேராதனை, கெலிஓயா, கம்பளை... மழையைக் கிழித்துக்கொண்டு கார் விரைந்தது. அவள் ஓட்டினாள். அவன் ஆவி படிந்த கண்ணாடியை உள்ளிருந்து தன் கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டே வந்தான். ஒரு வளைவில் கார் வழுக்கியபோது அவன் கை அவளுடைய கையின்மேல் ஒரு கணம் படிந்தது, உடனே விலகியது. அவ்விடம் மட்டும் வெகுநேரம் இளஞ்சூடாக இருந்தது.

தொழுவத்துக்குப் பின்னால் அவகாடோ மரமொன்று நின்றது. மழைக்கு உதிர்ந்த காய்கள் தரையெங்கும் கிடந்தன. சுதர்சினி அவற்றைப் பார்த்தாள். பசுவைப் பார்த்தாள். பின்பு, எவ்வளவு முயன்றும் இயலாமல், அவனைப் பார்த்தாள்.

"இது உங்கட பனை" என்றான் அவன் மெதுவாக.

செவலையின் கழுத்தின் இடப்புறத்தில் ஒரு முட்டையளவான புடைப்பு. தனேஸ் கையை வாயினுள் செலுத்த முயன்றான். அவனுடைய முழங்கை பனையடி போன்றது, நுழையவில்லை.

"நகருங்க. என் கை போவும். நாக்க ஒரு பக்கமா இழுத்துப் புடிங்க அக்கா. தனேஸ், நீங்க வெளியில இருந்து மேல தள்ளுங்க."

அவள் அவனை முதன்முறையாகப் பெயர்சொல்லி அழைத்திருந்தாள். அதைக் குறித்து மகிழ்வதற்கு அது உகந்த வேளையன்று. ஆயினும் அவன் மகிழ்ந்தான்.

அவன் வெளியிலிருந்து இரு கைகளாலும் அந்தக் கட்டியை மேல்நோக்கி வருடித் தள்ளினான். அவள் தோள்வரை பசுவின் வாய்க்குள் இருந்தாள். இருவருடைய முகங்களுக்கும் இடையில் ஒரு சாண் தூரமும் ஒரு பசுவின் தாடையும் மட்டுமே இருந்தன.

"வருதோ?"

"தொட்டுட்டேன்... வழுக்குது... இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"மெதுவா தள்ளுங்க... வருது... வந்துருச்சு."

கருஞ்சிவப்பான அவகாடோக் கொட்டை ஒன்று அவளுடைய உள்ளங்கையில் வழுக்கிக்கொண்டு வெளிவந்தது. மறுகணம் செவலை நீண்டதொரு ஏப்பம் விட்டது. புளித்த புல்லின் அந்தப் பெருங்காற்று இருவருடைய முகங்களிலும் மோதியது. தலைமுடி பறந்தது. எச்சில் தெறித்தது. இருவரும் தொழுவத்துச் சேற்றில் அமர்ந்தவாறே சிரிக்கத் தொடங்கி நிறுத்த இயலாமற் போயினர். மழையும் உடன் சிரித்தது போலிருந்தது.

வீரம்மா முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "யாரு டொக்டரம்மா இவரு? நம்ம வீட்டுக்கு வரப்போறவரா?"

"சும்மா இருங்கக்கா. ஆபீஸ் ஆளு."

"ஆபீஸ் ஆளுக்கா மொகத்துல எச்சி தொடச்சி விடுறீங்க?"

சுதர்சினி அப்போதுதான் பார்த்தாள். அவளுடைய துப்பட்டாவின் நுனி அவன் கன்னத்தில் இருந்தது.

*

ஆனால் கம்பளைக்கு இறங்கும் வழியில் அவளுடைய சிரிப்பு அணைந்துபோயிற்று. 'ஊத்துங்க' என்ற அந்தச் சொல்... அவன் எழுந்திராவிட்டால்? எத்தனை ஆண்டுகளாகத் தொலைபேசியில் அதே சொல்லைக் கூறிவருகிறாள்? தன் வாயால் வீரம்மாவின் பசுவைக் கொன்றிருப்பாளே. அவளது நெஞ்சிலே நாணமும் வேதனையும் தோன்றின. அவ்விரண்டையும் மறைக்கத் தன்மானம் முன்வந்து நின்றது. அன்று அவனுக்கு 'போய்ட்டு வாங்க' என்றுகூட அவள் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் முற்பகலிலேயே வந்தாள். வயிறூதிய பசுவின் விடையைத் திறந்தாள். எண்ணெய் வசனத்துக்குத் தானே கோடிட்டாள். ஏன் என்ற வரியில், 'டொக்டர் தனேஸ் கூறியது சரி' என்று எழுதினாள். 'ஏற்றுக்கொள்கிறேன்' பொத்தானை அமர்த்தினாள். அதன்பின் கோழிகளின் மேசைக்குச் சென்று உதவுவதாகக் கூறி அங்கேயே அமர்ந்துகொண்டாள்.

அவன் பல தடவை நிமிர்ந்து பார்த்தான். அவள் ஒரு தடவையேனும் பார்க்கவில்லை... கண்ணாடி ஜன்னலில் தெரிந்த அவனுடைய சாயலைத் தவிர.

பிற்பகல் முதிர்ந்தது. மழை விட்டுவிட்டு, வாவியின்மேல் மஞ்சள் வெயில் ஒன்று சாய்ந்து விழுந்தது. வைத்தியர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றனர். நஸீம் கைகளைப் பிசைந்துகொண்டு அவளிடம் வந்தார்.

"டொக்டர், ஆறு மணிக்கு எல்லாத்தையும் பூட்டுற. எல்லா விடையும் போச்சு. ஒங்கட அந்த வயிறு ஊதின மாடு மட்டும் இன்னும் நிக்கிது."

"நான் காலையிலயே அமத்திட்டேனே."

"நீங்க அமத்தினீங்க. அவர் அமத்தல்ல. பையத் தூக்கிட்டு வாவிப் பக்கம் போனாரு. ரெண்டு பேரும் சேந்து என்ட தலையத் தின்றீங்க, அல்லாவே."

அவள் படிகளில் இறங்கி ஓடினாள்.

வாவியோரத்தின் வெண்மதிற்சுவரில் அவன் சாய்ந்து நின்றான். பயணப்பை காலடியில் இருந்தது. மடிக்கணினி மதில்மேல் திறந்திருந்தது.

"ஏங்க அமத்தல? நீங்க சொன்னதத்தான எழுதியிருக்கேன். ஜெயிச்சிட்டீங்கல்ல?"

"நான் வெல்ல வரேல்லை. உங்கட எண்ணெயை அழிச்சுப்போட்டியள்."

"அது தப்புங்க. நேத்து நீங்களே பாத்தீங்க."

"நேற்று ஒரு மாட்டுக்குப் பிழை. மற்ற மாடுகளுக்கு? சிக்னல் இல்லாத வீட்டுப் பிள்ளையள் மாட்டுக்குப் பக்கத்தில இருந்ததெண்டு சொன்னனீங்கள்தானே. அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை இல்லை. நீங்கள் எனக்குத் தோத்துப்போனா, உங்கட மலையில இருக்கிற மாடெல்லாம் சாகும், சுதர்சினி."

மடிக்கணினியை அவள்பால் திருப்பினான். அவள் வாசித்தாள்.

'பசுவின் வயிறு ஊதியிருப்பதாகக் கூறினால், உடனே விடையளிக்காதே. முதலில் கேள்: வாயிலிருந்து எச்சில் ஒழுகுகிறதா? கழுத்தை நீட்டி இருமுகிறதா? தண்ணீரை விழுங்குகிறதா? எச்சில் ஒழுகினாலோ, இருமினாலோ, விழுங்க முடியாவிட்டாலோ, எதையும் பருக்காதே எனச் சொல். உடனே வைத்தியரை அழைக்கச் சொல். இவை எதுவுமின்றி விழுங்க முடிந்தால், ஈரப்புல் மேய்ந்ததா எனக் கேள். ஆம் எனில், எண்ணெய் கொடுக்கச் சொல். வைத்தியரையும் அழைக்கச் சொல்.'

ஏன் என்ற வரியில் இவ்வாறு எழுதப்பட்டிருந்தது: 'இரண்டு வைத்தியர்களும் கேட்க மறந்ததால்.'

அவளுடைய கண்கள் நிறைந்தன. எழுத்துக்கள் வாவியின் அலைபோல் நெளிந்தன. அவளுடைய எண்ணெய் அங்கே இருந்தது. அவனுடைய பனையும் அங்கே இருந்தது. ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை.

"ஈரப்புல்லு மட்டுமில்ல" என்றாள் அவள். "பயறு, அவரைக் கொடி மேஞ்சாலும் நுரைக்கும். அதையும் சேருங்க."

சேர்த்தான். அவன் பொத்தானை அமர்த்தினான், அவளும் அமர்த்தினாள். பூட்டு விலகியது. மேலே மூன்றாம் மாடி ஜன்னலில் நஸீம் இரு கைகளையும் உயர்த்தி ஆட்டியது தெரிந்தது.

இனி இருவருக்குமிடையே எந்தப் பசுவும் இல்லை.

"அப்ப... நான் வெளிக்கிடுறன்" என்றான் அவன். பையை எடுத்தான். எடுத்தவன் நகரவில்லை. "உங்களிட்ட ஒண்டு சொல்ல இருந்தனான். ஆனா அது சரிவராது."

"என்ன சரிவராது?"

"நீங்கள் உங்கட மலையை விட்டுப்போட்டு வரமாட்டியள். உங்கட அப்பா யாழ்ப்பாணத்துப் பக்கம் பொம்பிளை குடுக்கமாட்டார். எங்கட அம்மாவும் முதல் ஒரு மாதம் கதைக்காமல் இருப்பா. அதால... சொல்லாமல் போறதுதான் நல்லம்."

சுதர்சினி கையிலிருந்த குடையைக் கக்கத்தில் இடுக்கினாள். பின்பு மெல்ல, மிக மெல்ல, இரண்டு வாரங்களாகத் திரையில் செய்துவந்ததுபோலவே, விரலால் காற்றில் ஒரு கோடிட்டாள்.

"மொத வசனம், பிழை. நான் மலைய விட்டு வரமாட்டேன்னு யாருங்க சொன்னது? மாடு எல்லா ஊர்லயும் இருக்கு. நீங்க இங்க வரலாம், நான் அங்க வரலாம். அது பேசித் தீக்கவேண்டியது."

அவள் இரண்டாம் கோட்டை இழுத்தாள்.

"ரெண்டாவது வசனம், ஆதாரம் இல்ல. எங்கப்பா காளிமுத்து அம்பிட்டியாவுலதான் இருக்காரு. ஓட்டோவுல ஏறினா போயிறலாம். அவருகிட்ட இன்னும் யாரும் கேக்கல. மூணாவது... ஒங்க அம்மா ஒரு மாசம் பேசமாட்டாங்க. அது சரியாயிருக்கலாம். ஒரு மாசம்தானே. நான் பொறுத்துக்குறேன்."

"சுதர்சினி..."

"இருங்க, ஏன்னு ஒரு வரி எழுதணும்ல." அவளுடைய கண்கள் சிரித்தன. "மூணு பதில் சொல்லிட்டீங்க டொக்டர். கேள்வி எங்க? மாட்டுக்கு மூணு கேள்வி கேக்கத் தெரியுது. எனக்கு ஒன்னுகூடக் கேக்கத் தெரியலயா?"

வாவியில் மஞ்சள் வெயில் உடைந்து உடைந்து சேர்ந்தது. அவன் பையைக் கீழே வைத்தான். ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்தான்.

"எனக்கு உங்களில விருப்பம். கெலிஓயாவில நீங்கள் குடையை மடக்கின நேரமே விருப்பம். அதான் ஓட்டோவில இருந்து இறங்கேல்லை." மூச்சை இழுத்தான். "என்னைக் கலியாணம் செய்வீங்களோ?"

"அப்ப பாத்துக்கிட்டேதான் ஏறியிருக்கீங்க" என்றாள் அவள்.

"ஓம்."

"குடை இல்லாம வந்தது?"

"அது உண்மையா மறந்துபோனனான்."

அவள் சிரித்தாள். அவ்வேளை எங்கிருந்தோ ஒரு மேகம் வந்து வெயிலோடு வெயிலாக மீண்டும் தூறத் தொடங்கியது. அவள் குடையை விரித்து, அவன் தலைக்கு மேலாகவும் நீட்டிப் பிடித்தாள். பின்பு தன் சுட்டுவிரலை அவனுடைய மார்பின்மேல், சட்டையின் இரண்டாம் பொத்தான்மீது வைத்து, மெதுவாக அமர்த்தினாள்.

"ஏற்றுக்கொள்கிறேன்."

இவ்வாறாக, கெலிஓயாவில் தொடங்கிய அந்த வழக்கு கண்டி வாவிக்கரையில் முடிவுற்றது. அன்று யாழ்ப்பாண பஸ்ஸில் ஓர் இருக்கை வெறுமையாகச் சென்றது. அம்பிட்டியா நோக்கி ஓர் ஓட்டோ, இம்முறை இருவரும் சேர்ந்து கை காட்ட, நின்றது. அப்பொழுது 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் 27ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.